அட்டையை முதலிலேயே காட்டுங்கள்

"அட்டை இருக்குன்னு முதல்லயே சொல்லாதீங்க. சொன்னா ஓரமா படுக்க வச்சிருவாங்க. பணத்தைக் கட்டிச் சேத்துட்டு, அப்புறமா மெதுவா காட்டிக்கலாம்."

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருக்கும் குடும்பங்களில் இந்த யோசனையைக் கேட்காதவர்கள் குறைவு. பக்கத்து வீட்டில் சொல்வார்கள், ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் சொல்வார்கள், சொந்தத்தில் நாலு இடம் போய்வந்தவர் என்று பெயரெடுத்தவரும் இதையேதான் சொல்வார். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தபோது இந்த யோசனையைக் கேட்டு நடந்ததில் எங்கள் வீட்டுக்கு ஆன செலவைப் பார்த்த பிறகு, இதைப் போல் கெடுதலான அறிவுரை வேறு இல்லை என்பதே என் எண்ணம்.

மாமனார் அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டியவர். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவருக்கு நெஞ்சு அடைப்பதுபோல் இருந்திருக்கிறது, இடது கை வலித்திருக்கிறது, சட்டை நனையும் அளவுக்கு வேர்வை. கொழுந்தனார் உடனே கார் பிடித்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே தாமதிக்கவில்லை. ஈசிஜி எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டார்கள். உயிர் காத்தது அந்த ஊசிதான், அதை மறக்க மாட்டேன். பணம் கட்டும் இடத்தில் "இன்சூரன்ஸ் எதுவும் உண்டா" என்று கேட்டபோது, கூட வந்த உறவினர் கண்ஜாடை காட்ட, கொழுந்தனார் "இல்லை" என்றிருக்கிறார். அட்டை அத்தையின் பீரோவில் இருந்தது. அட்வான்ஸ் கட்டினார்கள். மறுநாள், இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஆஞ்சியோவுக்கும் ரொக்கமாகவே கட்டினார்கள். அடைப்பு இருக்கிறது, ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைக்க வேண்டும் என்று சொல்லி ஒரு தொகையைச் சொன்ன பிறகுதான் அட்டை வெளியே வந்தது. நான் போய்ச் சேர்ந்ததும் அப்போதுதான்.

காப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண் பொறுமையாகவே விளக்கினார். இந்தத் திட்டத்தில் நோயாளியின் கைக்குப் பணம் வராது. முதலில் அட்டையையும் ஆதாரையும் சரிபார்த்துப் பதிவு செய்வார்கள். மருத்துவர் எழுதிய குறிப்பு, ஈசிஜி, ஸ்கேன் எல்லாவற்றையும் ஏற்றி, இன்ன சிகிச்சைக்கு இன்ன தொகுப்பு (எல்லாச் செலவும் சேர்ந்த ஒரே கட்டணம்) என்று முன்அனுமதி கேட்பார்கள். காப்பீட்டுத் தரப்பில் இருக்கும் மருத்துவர்கள் பார்த்து ஒப்புதல் தந்ததும் சிகிச்சை நடக்கும். பணம் நேராக மருத்துவமனைக்குப் போய்விடும். பணம் கட்டும் நோயாளியாகச் சேர்ந்து, பில் போட்டு முடித்த செலவை இந்த வழிக்குள் பின்னால் கொண்டுவர முடியாது. ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் இல்லை. ஆஞ்சியோவையே திட்டத்தில் பார்த்திருக்கலாம் என்றார். மைனியின் வளையல்கள் அதற்குள் அடகுக்குப் போயிருந்தன.

அந்த மருத்துவமனையில் ஸ்டென்டைத் திட்டத்தின் கீழ் வைப்பார்களா என்று கேட்டதற்குத் தெளிவான பதில் வரவில்லை. ஏற்கெனவே சொன்ன தொகையில் கொஞ்சம் குறைத்துத் தருகிறோம் என்பது மட்டும் வந்தது. மாமனார் நிலை சீராக இருக்கிறது, வண்டியில் மாற்றலாம் என்று இதய மருத்துவர் எழுதிக் கொடுத்ததும், ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றினோம். அங்கே அட்டை எண்ணைப் பதிந்து, ஆஞ்சியோ சிடியை வாங்கிப் பார்த்து, திட்டத்தின் கீழ் ஸ்டென்ட் வைத்தார்கள். அந்தச் சிகிச்சைக்கு எங்கள் கையிலிருந்து பணம் போகவில்லை.

அட்டையை மறைக்கச் சொல்கிற பயம் எங்கிருந்து வருகிறது என்று வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாட்களில் நிறையப் பேரிடம் பேசியதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். முதல் காரணம் காத்திருப்பு. பணம் கட்டியவர் காலையில் சேர்ந்து மதியம் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிறார். அட்டைக்காரருக்கு "அப்ரூவல் வரணும்" என்கிறார்கள். ஒப்புதல் வர ஏன் நேரமாகிறது, எந்தக் காகிதம் குறைகிறது என்று யாரும் வந்து சொல்வதில்லை. காத்திருப்பவருக்கு அது புறக்கணிப்பாகத்தான் தெரியும். இரண்டாவது, தனி வார்டு. சில இடங்களில் திட்ட நோயாளிகளை ஒரே மாடியில் சேர்த்து வைக்கிறார்கள். படுக்கைகள் நெருக்கமாக இருக்கும். அதைப் பார்ப்பவர் சிகிச்சையும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறார். மூன்றாவதுதான் உண்மையான கோளாறு. தொகுப்புக் கட்டணம் அரசு நிர்ணயித்தது. ரொக்க நோயாளியிடம் வாங்குவதைவிட அது பல சிகிச்சைகளில் குறைவு. அதனால் சில மருத்துவமனைகள் திட்ட நோயாளியை ஆர்வமாகச் சேர்ப்பதில்லை, அல்லது "வித்தியாசத்தை மட்டும் கட்டுங்கள்" என்று கேட்கின்றன. மக்கள் இல்லாததைக் கற்பனை செய்து பயப்படவில்லை. பயத்துக்கு எடுக்கும் மருந்துதான் தப்பாகப் போகிறது.

அப்படி வித்தியாசத் தொகை கேட்பது விதிக்கு மாறானது. படுக்கை, மருத்துவர், மயக்க மருந்து, ஆபரேஷன் தியேட்டர், மருந்து, பரிசோதனை, நோயாளியின் சாப்பாடு எல்லாம் அந்தத் தொகுப்புக்குள் அடக்கம். யாராவது கேட்டால் சண்டை போட வேண்டாம். "எதற்கு என்று எழுதிக் கொடுத்து ரசீது தாருங்கள்" என்று மட்டும் கேளுங்கள். எங்கள் வார்டில் ஒரு அம்மாவிடம் இப்படித்தான் முதலில் போன இடத்தில் கேட்டிருக்கிறார்கள். அவர் மகள் ரசீது கேட்டதும் பேச்சு அதோடு நின்றுவிட்டதாம். நிற்கவில்லை என்றால் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993 இருக்கிறது. மருத்துவமனையில் நின்றுகொண்டே கூப்பிடுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு கூப்பிட்டால் பேச்சு நீளுமே தவிர வேலை நடக்காது. கூப்பிடும்போது அட்டை எண், மருத்துவமனையின் பெயர், எந்தப் பிரிவில் யார் கேட்டார்கள் என்பதைக் கையில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஒப்புதலுக்குக் காத்திருக்கும்போதும் சும்மா உட்கார வேண்டியதில்லை. காப்பீட்டுப் பிரிவில் போய், "முன்அனுமதி அனுப்பிவிட்டீர்களா, திரும்பக் கேள்வி ஏதும் வந்திருக்கிறதா" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு பழைய ரிப்போர்ட்டோ, ஆதாரில் ஒரு எழுத்தோ தடுத்து நிறுத்தியிருக்கும். நாம் கொண்டுபோய்க் கொடுத்தால் அன்றே நகரும். உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் சிகிச்சையைத் தொடங்கிக்கொண்டே ஒப்புதல் வாங்கவும் வழி இருக்கிறது. அதற்கும் நாம் அட்டை வைத்திருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

இன்னொரு விஷயம், அது பலரையும் சறுக்கிவிடுகிறது. "அந்த ஆஸ்பத்திரி காப்பீட்டில் இருக்கு" என்று கேள்விப்பட்டு அவ்வளவு தூரம் போவார்கள். மருத்துவமனை திட்டத்தில் இருக்கும், ஆனால் எலும்பு முறிவுக்கோ சிறுநீரகக் கல்லுக்கோ மட்டும் அங்கீகாரம் பெற்றிருக்கும், இதயத்துக்கு இருக்காது. துறைவாரியாகத்தான் அனுமதி. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "காப்பீட்டில் இருக்கிறீர்களா" அல்ல, "இந்த நோய்க்குக் காப்பீட்டில் பார்க்கிறீர்களா" என்பது. அதே கட்டணமில்லா எண்ணில் கேட்டாலும் சொல்வார்கள்.

அட்டையை நம்பாதவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அளவுக்கு மீறி நம்புகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் படும் ஏமாற்றமும் கடைசியில் "இந்த அட்டையால் பிரயோஜனம் இல்லை" என்ற பேச்சாகத்தான் ஊருக்குள் பரவுகிறது. "அஞ்சு லட்சம் இருக்கு, எங்க வேணாலும் பாத்துக்கலாம்" என்பார்கள். அந்த 5 லட்சம் நம் பெயரில் போட்டு வைத்த பணம் அல்ல. ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண்டுக்கான உச்சவரம்பு, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக 1 லட்சத்தில் தொடங்கியது. 2012 ஜனவரியில் இன்றைய பெயரில் வந்தது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்து, இரண்டும் இணைந்த பிறகுதான் 5 லட்சம் என்ற எண் நம் காதுக்கு வந்தது. பெரிய தொகை காதில் விழுந்ததும், காய்ச்சலுக்கு ஊசி போட்டாலும் அட்டை செல்லும் என்று நம்பிவிட்டார்கள். வெளிநோயாளியாகப் போய் மருத்துவரைப் பார்ப்பது, மாதாமாதம் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை, பல் சொத்தை, தலைவலிக்கு நாமாகப் போய் எடுக்கும் ஸ்கேன் இதெல்லாம் இதில் வராது.

பெரிய ஆபரேஷன் ஒரு குடும்பத்தை ஒரே நாளில் சாய்த்துவிடும் என்பதால் அதைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் நான் பார்த்தவரை வீடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது மாத்திரைச் செலவுதான். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22-இல் 39.4 ஆகக் குறைந்தது என்று மத்திய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. குறைந்தது நல்லதுதான். ஆனாலும் நூறு ரூபாயில் 39 ரூபாய் இன்னும் நம் கையிலிருந்து போகிறது, அதில் மருந்துக்கடைக்குப் போவது ஏராளம். இதற்குக் காப்பீடு பதில் இல்லை, ஆரம்ப சுகாதார நிலையம்தான் பதில். மாமனாருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரையை இப்போது அங்கேதான் வாங்குகிறோம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள். எங்கள் தெருவில் வரும் பெண் ஊழியரிடம் அத்தை பேச்சுவாக்கில் சொன்ன கால் எரிச்சலைக் கேட்டு, "நாளைக்கே போய்ச் சர்க்கரை பாருங்க" என்று விரட்டியதும் அவர்தான். "இலவச மாத்திரை வேலை செய்யாது" என்று தெருவில் இன்னும் சிலர் சொல்கிறார்கள். மாமனாரின் பிரஷர் அளவு எழுதிய நோட்டை நான் அவர்களுக்குக் காட்டுவேன்.

தரம் பற்றிய சந்தேகம் ஸ்டென்டிலும் வந்தது. "அட்டைக்கு வைக்கிறது மட்டமான ஸ்டென்டாம்" என்று எங்கள் சித்தப்பா போனில் சொன்னதும் அத்தை அழ ஆரம்பித்துவிட்டார். நான் வார்டு டாக்டரிடமே நேராகக் கேட்டேன். சின்ன வயதுக்காரர், கோபப்படவில்லை. மருந்து பூசிய ஸ்டென்ட்தான் வைக்கிறோம், வெளியில் வைப்பதும் அதே வகைதான் என்றார். பெட்டியில் இருந்த ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருந்ததைக் காட்டினார். அதில் நிறுவனப் பெயரும் அளவும் வரிசை எண்ணும் இருந்தன. போன் கேமராவில் படம் எடுத்துக்கொண்டேன். உடம்புக்குள் வைக்கிற எதுவானாலும், மூட்டாக இருந்தாலும் லென்ஸாக இருந்தாலும், அந்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள் அல்லது படமெடுங்கள். பின்னால் வேறு டாக்டரிடம் போனால் அது தேவைப்படும்.

அரசு மருத்துவமனையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். கூட்டம் அதிகம். துணைக்கு இருப்பவர் பாய் விரித்து வராந்தாவில்தான் படுக்க வேண்டும். கழிப்பறை எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் கிடைக்காமல் நாங்களே தள்ளினோம். இதெல்லாம் மாற வேண்டும், ஏழை என்பதற்காக ஒருவர் சகித்துக்கொள்ள வேண்டியவை அல்ல. ஆனால் ஆஞ்சியோ, ஸ்டென்ட் வேலை நடக்கும் கேத் லேபுக்குள் இருந்த மருத்துவர்கள் ஒரு நாளைக்குப் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை அவர்களுக்கு அபாரமான கைப்பழக்கத்தைத் தந்திருக்கிறது. ராத்திரிப் பணி நர்ஸ் ஒருவர் மாமனாரின் தொடைப் பக்கம் ரத்தம் கசிகிறதா என்று விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், யாரும் கேட்காமலே. சுவரையும் தரையையும் பார்த்துச் சிகிச்சையை எடைபோடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. பளபளப்பான தரையில் நடந்துபோய்க் கையெழுத்துப் போட்ட பில்லைத்தான் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறோம்.

"அரசு ஆஸ்பத்திரி எப்படியும் இலவசம், அங்கே எதற்கு அட்டை?" என்று மைனி கேட்டார். நியாயமான கேள்வி. அரசு மருத்துவமனையும் இந்தத் திட்டத்தில் சேர்ந்ததுதான். நம் அட்டையைப் பதிந்தால் அந்தச் சிகிச்சைக்கான தொகை அந்த மருத்துவமனைக்கு வரும். கருவி, ஸ்டென்ட், செயற்கை மூட்டு மாதிரி விலை கூடியவற்றை வாங்க அந்தப் பணம் உதவுகிறது, ஒரு பகுதி சிகிச்சை தந்த பணியாளர்களுக்கு ஊக்கத்தொகையாகவும் போகிறது. அட்டையைப் பீரோவிலேயே வைத்திருந்தால் அந்தப் பணம் அரசு மருத்துவமனைக்கு வராமல் போகும். அங்கேயும் கட்டாயம் கொடுங்கள்.

அட்டை இல்லாதவர்களுக்கு: நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் படுத்திருக்கும்போது வருமானச் சான்றிதழுக்கு அலைவது பெரிய வேதனை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். முன்பு 72,000 ஆக இருந்த வரம்பு 2022-இல் உயர்ந்தது. அதற்கு முன் கிடைக்காது என்று சொல்லப்பட்டவர்கள் திரும்பப் போய்க் கேட்கவே இல்லை என்பதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, குடும்பத்தாரின் ஆதார், இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். ரேஷன் அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்றால் முதலில் அதைத் திருத்துங்கள். புதிதாக வந்த மருமகள் பெயரும் பிறந்த குழந்தையின் பெயரும் ஏறியிருக்கிறதா பாருங்கள். பழைய அட்டையை பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருப்பவர்கள், அந்த எண் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்றும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

70 வயது ஆனவர்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் திட்டத்தை விரித்தது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் 14555 என்ற எண்ணில் விவரம் கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் மில், கம்பெனித் தொழிலாளர்கள் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கிறதா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள், அதில் வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும் உண்டு. சாலை விபத்து என்றால் அட்டையே தேவையில்லை. 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது, திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் சேர்க்கலாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது நிறையக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அவசரப்படாமல் படித்துப் பாருங்கள், படிக்கத் தெரியாதவர் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெற்றுத் தாளில் போடவே கூடாது. செய்யாத சிகிச்சைக்கு நம் பெயரில் தொகை எடுத்தால் அந்த ஆண்டு வரம்பு நமக்குத்தான் குறையும். ஆயுஷ்மான் திட்டப் பதிவுகளில் ஒரே கைபேசி எண்ணில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏற்றப்பட்டிருந்ததை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) 2023 அறிக்கையில் எடுத்துக் காட்டினார். ஆகவே உங்கள் சொந்தக் கைபேசி எண்ணைத்தான் பதிவில் கொடுக்க வேண்டும், கூட வந்த தெரிந்தவர் எண்ணையோ மருத்துவமனை ஊழியர் சொல்லும் எண்ணையோ அல்ல. டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளின் பெயரும் எத்தனை நாளுக்கு என்பதும் தெளிவாக இருக்கட்டும். மத்தியத் திட்டத்தின் விதிப்படி, சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும் வீட்டுக்கு அனுப்பிய பிறகு 15 நாள் மருந்தும்கூடத் தொகுப்புக்குள் வரும். "மாத்திரை தந்தீர்களா" என்று கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நிறுத்தி, ஸ்டென்டே அடைத்துத் திரும்பி வந்தவரை அதே வார்டில் பார்த்தேன்.

எனக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. மாதம் 10,000 ரூபாய் என்பதுதான் அந்த 1,20,000. கணவன் மனைவி இருவரும் கூலிக்குப் போனால் அதைத் தாண்டிவிடும். ஆட்டோ ஓட்டுபவர், சின்னப் பெட்டிக்கடை வைத்திருப்பவர், கடையில் கணக்கு எழுதுபவர் ஆகியோருக்கு இந்த அட்டையும் இல்லை, இஎஸ்ஐயும் இல்லை, தனியார் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டவும் தெம்பில்லை. எங்கள் வார்டில் அடுத்த படுக்கைக்காரர் அப்படிப்பட்டவர். அட்டை இல்லையென்றாலும் அரசு மருத்துவமனை அவரைத் திருப்பி அனுப்பவில்லை, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பைபாஸ் தேதிக்காக அவர் காத்திருந்தார், வெளியில் சீக்கிரம் செய்துவிடலாம் என்று மகன் நிலத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தான். இந்த இடைவெளியில் நிற்கும் குடும்பங்களையும் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும், ஒரு சிறு தொகையை அவர்களிடம் பிரீமியமாக வாங்கிக்கொண்டாவது. கிராமசபைக் கூட்டத்தில் மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்திலும் கேட்போம்.